விசை யார் மீது? வாசகர் கேள்வி – பதில்

(எல்லாக் கணக்கிலும் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 மீ/வி² என்றே எடுத்திருக்கிறோம்.)

கேள்வி: வண்டியை நாம் தள்ளினால், அதே அளவு விசையோடு வண்டியும் நம்மைத் திருப்பித் தள்ளுகிறது என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. இரண்டும் சமம், இரண்டும் எதிர்த்திசை. அப்படியானால் ஒன்றுக்கொன்று கழிந்து சுழியாகிவிட வேண்டுமே? வண்டி எப்படி நகர்கிறது?

பதில்: கழிய வேண்டுமானால் இரண்டு விசையும் ஒரே பொருள் மீது இருக்க வேண்டும். இங்கே ஒன்று வண்டி மீது, இன்னொன்று உங்கள் மீது. உங்கள் கடனைப் பக்கத்து வீட்டுக்காரர் வரவில் கழிக்க முடியாதல்லவா?

எண்களைப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். தள்ளுவண்டி 20 கிலோ, தள்ளுபவர் 60 கிலோ. அவர் 60 நியூட்டன் விசையோடு தள்ளுகிறார். சக்கரங்களின் உராய்வு 20 நியூட்டன் பின்னிழுக்கிறது. வண்டி மீது மிச்சம் 40 நியூட்டன். 20 கிலோவால் வகுத்தால் முடுக்கம் 2 மீ/வி². இந்தக் கணக்கில் எதிர்விசைக்கு வேலையே இல்லை. அது வண்டி மீது இல்லை.

இப்போது தள்ளுபவரைத் தனியாக வரையுங்கள். வண்டி அவரை 60 நியூட்டனில் பின்னே தள்ளுகிறது. ஆனால் அவரும் வண்டியோடு 2 மீ/வி² முடுக்கத்தில் முன்னே போகிறார். அதற்கு நிகர விசை 60 × 2 = 120 நியூட்டன் வேண்டும். ஆகவே அவரை முன்னே தள்ளும் இன்னொரு விசை 180 நியூட்டன் இருந்தாக வேண்டும். அதைத் தருவது தரை. அவர் காலால் தரையைப் பின்னுக்கு உதைக்கிறார், தரை அவரை முன்னுக்குத் தள்ளுகிறது. இருவரையும் ஒரே பொருளாகச் சேர்த்துப் பார்த்தாலும் 180 – 20 = 160; அதை 80 கிலோவால் வகுத்தால் அதே 2 வருகிறது. உங்கள் கணக்கு சரிதானா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

தரை அந்த 180-ஐத் தர முடியாவிட்டால்? வழுக்கும் தரையில் உராய்வுக் குணகம் (தரை தாங்கும் விசையில் எத்தனை பங்கு வரை உராய்வு கிடைக்கும் என்ற எண்) 0.1 என்று வையுங்கள். தரை தரக்கூடிய உச்சம் 0.1 × 60 × 9.8 = 58.8 நியூட்டன். வண்டியை 60 நியூட்டனில் தள்ள முயன்றால் ஆள்தான் பின்னே வழுக்கிப் போவார். வண்டியை நகர்த்துவது கையின் பலம் மட்டுமல்ல, செருப்பின் அடிப்பாகமும்தான்.

இது பழைய சந்தேகம். 1687-இல் மூன்றாம் விதியை விளக்கும்போதே நியூட்டன் கயிறு கட்டிக் கல்லை இழுக்கும் குதிரையை எடுத்துக்காட்டினார். குதிரையும் அதே அளவு பின்னோக்கி இழுக்கப்படுகிறது என்றுதான் அவரும் சொன்னார்.

கேள்வி: மேசை மேல் புத்தகம். அதன் எடை கீழ்நோக்கி, மேசை தாங்கும் விசை மேல்நோக்கி. இவை வினையும் எதிர்வினையும்தானே? தேர்வில் அப்படி எழுதினேன், மதிப்பெண் கிடைக்கவில்லை.

பதில்: திருத்தியவர் சரியாகத்தான் செய்தார். இரண்டும் ஒரே புத்தகத்தின் மீது இருக்கின்றன; ஆகவே அவை வினை–எதிர்வினை இணை ஆக முடியாது. ஒன்று ஈர்ப்பு விசை, மற்றது தொடுவிசை. இணையில் இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

புத்தகம் 1.2 கிலோ என்றால் பூமி அதை 11.76 நியூட்டனில் கீழே இழுக்கிறது. அதன் இணை, புத்தகம் பூமியை 11.76 நியூட்டனில் மேலே இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்கும் விசைக்கு இணை, புத்தகம் மேசையை அழுத்தும் விசை. மொத்தம் நாலு விசை, இரண்டு இணை. புத்தகம் அசையாமல் இருப்பதால் எடையும் தாங்கும் விசையும் சமமாக அமைகின்றன. அது முதல் விதியின் (நிகர விசை இல்லாவிட்டால் பொருளின் இயக்கம் மாறாது) விளைவு, மூன்றாவதன் விளைவு அல்ல. மேசையோடு சேர்த்து லிஃப்டில் ஏற்றிவிட்டால் அந்தச் சமம் உடைந்துபோகும் (லிஃப்ட் கேள்வி கீழே வருகிறது). இணைகளின் சமம் மட்டும் எங்கேயும் உடையாது.

கேள்வி: தனி ஊசல் சோதனையில் நீளம் 100 செ.மீ. வைத்தேன். 20 அலைவுக்கு 38.2 விநாடி. கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 10.8 வருகிறது. மூன்று முறை செய்தும் அதே விடைதான். காற்றுத் தடையால் என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். காற்று ஊசலின் வீச்சைக் குறைக்கும். அலைவு நேரத்தில் அது செய்யும் மாற்றம் உங்கள் ஸ்டாப் வாட்சில் தெரியாத அளவுக்குச் சிறியது. நீங்கள் அனுப்பிய எண்களே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கின்றன.

முதலில் சூத்திரம்: 39.48-ஐ (பையின் இருமடியை நாலால் பெருக்கியது) நீளத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். உங்கள் அலைவு நேரம் 38.2 / 20 = 1.91 விநாடி. விடை 10.8. கணக்கில் பிழை இல்லை.

நீளத்தைத் தவறாக அளந்திருப்பீர்களா? 1.91 விநாடிக்குப் பொருந்தும் நீளம் ஏறத்தாழ 90.6 செ.மீ. மீட்டர் அளவுகோலில் 9 செ.மீ. தவறுவது கடினம். வீச்சு அதிகமோ? வீச்சு கூடினால் அலைவு நேரமும் கூடும். 30 டிகிரி இழுத்துவிட்டால் ஏறத்தாழ 1.7 விழுக்காடு கூடுகிறது. அப்போது விடை 9.8-க்குக் கீழே போகும், மேலே வராது. ஆகவே அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது எண்ணிக்கை. குண்டை விட்டு, வாட்சை அழுத்தும்போதே ‘ஒன்று’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். அப்போது ஓர் அலைவும் முடிந்திருக்காது. ‘இருபது’ என்று நிறுத்தும்போது முடிந்தது 19 மட்டும். 38.2-ஐ 19-ஆல் வகுங்கள்: 2.01 விநாடி. விடை 9.77. சோதனையை நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள், எண்ணத்தான் தவறிவிட்டீர்கள். மூன்று முறையும் ஒரே விடை வந்தது அதனால்தான். ஒரே தவற்றைத் திரும்பச் செய்தால் ஒரே விடைதான் வரும். சராசரி எடுப்பது இந்த வகைப் பிழையைத் தொடவே தொடாது.

இனி இப்படிச் செய்யுங்கள். குண்டை ஆடவிட்டு இரண்டு மூன்று அலைவு போகட்டும். நடுக்கோட்டை அது ஒரே பக்கமாகக் கடக்கும்போதெல்லாம் ‘மூன்று, இரண்டு, ஒன்று, சுழி’ என்று இறங்கி எண்ணுங்கள். ‘சுழி’யில் வாட்ச். பிறகு ஏறுவரிசையில் ‘இருபது’ வரை. ஓரத்தில் வைத்து எண்ணாதீர்கள். ஓரத்தில் குண்டு தயங்கி நிற்பதுபோல் இருக்கும், எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுவில்தான் அது மிக வேகமாகப் போகிறது, கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளில் செங்குத்தாகக் கோடு போட்டு ஒட்டிவையுங்கள். விரல் 0.2 விநாடி பிந்தினாலும் 40 விநாடியில் அது அரை விழுக்காடுதான். ஒரே அலைவை அளந்திருந்தால் பத்து விழுக்காடு.

நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. நூல், கொக்கி, குண்டின் ஆரம் மூன்றையும் கூட்ட வேண்டும். குண்டின் விட்டத்தை வெர்னியர் அளவியில் எடுத்துப் பாதியாக்குங்கள். நூலைக் கம்பியில் சுற்றிக் கட்டினால், ஆடும்போது நூல் கம்பியில் சுற்றி அவிழ்ந்து தொங்கும் புள்ளியே இடம் மாறும். பிளந்த தக்கையின் இரு பாதிகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடிப்பது அதற்காகத்தான்.

கூடவே ஒரு வேலை செய்தால் பிழை எந்த வகை என்று வரைபடமே சொல்லிவிடும். நீளத்தை 60, 70, 80, 90, 100 செ.மீ. என மாற்றி, அலைவு நேரத்தின் இருமடியை நீளத்துக்கு எதிராக வரையுங்கள். சரியான கோடு ஆதிப்புள்ளி வழியே போகும், சாய்வு மீட்டருக்கு 4.03. எண்ணிக்கையில் ஒன்று தவறியிருந்தால் கோடு அப்போதும் ஆதிப்புள்ளி வழியேதான் போகும், ஆனால் சாய்வு 3.64 ஆகிவிடும். குண்டின் ஆரம் 1.5 செ.மீ.-ஐ மறந்திருந்தால் சாய்வு மாறாது. கோடு மட்டும் நகர்ந்து நீள அச்சை –1.5 செ.மீ.-இல் வெட்டும். அதாவது நீளத்தைத் தவறாக அளந்தவருக்கும் சாய்விலிருந்து சரியான விடை கிடைத்துவிடும். ஒற்றை அளவீட்டை நம்பாமல் வரைபடம் கேட்பதன் காரணம் இதுதான்.

கேள்வி: 20 கிலோ பையை 10 நிமிடம் அசையாமல் தூக்கி நின்றால் இயற்பியல்படி வேலை சுழி என்கிறார்கள். கை கடுக்கிறதே, அது வேலை இல்லையா?

பதில்: பை மீது நீங்கள் செய்த வேலை சுழி. 196 நியூட்டன் விசை கொடுத்தீர்கள், பை ஒரு மில்லிமீட்டரும் உயரவில்லை. ஆனால் உங்கள் உடல் ஆற்றலைச் செலவிட்டது. தசையை இறுக்கமாக வைத்திருக்க அதன் நார்கள் ஓயாமல் சுருங்கித் தளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வேதியாற்றல் முழுவதும் வெப்பமாகப் போகிறது. அதே பையைக் கொக்கியில் மாட்டினால் கொக்கிக்கு ஒரு ஜூல்கூடச் செலவில்லை. கேள்வியில் ‘எதன் மீது செய்த வேலை’ என்று சேர்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

கேள்வி: லிஃப்ட் மேலே போகும்போது எடை கூடும், கீழே வரும்போது குறையும். சரியா?

பதில்: பாதி சரி. எந்தப் பக்கம் போகிறது என்பது முக்கியமல்ல, முடுக்கம் எந்தப் பக்கம் என்பதே முக்கியம். 60 கிலோ ஆள், லிஃப்டின் முடுக்கம் 1.2 மீ/வி² என்று வைப்போம். மேலே கிளம்பும்போது தரை அவரைத் தாங்கும் விசை 60 × 11 = 660 நியூட்டன்; எடைக்கருவி 67 கிலோ காட்டும். நடுவில் சீரான வேகத்தில் போகும்போது வெறும் 60. மேல் மாடியில் நிற்க வேகம் குறைக்கும்போது 60 × 8.6 = 516 நியூட்டன், அதாவது 53 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. இத்தனைக்கும் லிஃப்ட் இன்னும் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது. பூமி அவரை இழுக்கும் விசை முழு நேரமும் 588 நியூட்டன்தான். மாறுவது தரை தாங்கும் விசை.

செய்து பார்க்க டிஜிட்டல் எடைக்கருவி வேண்டாம். பல கருவிகள் எண் நிலைபெற்றதும் அதையே பூட்டிக் காட்டும். 1 கிலோ எடைக்கல்லைச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டு எடுத்துப் போங்கள். முள் 9.8-இலிருந்து 11-க்கும், பிறகு 8.6-க்கும் நகர்வதைப் பார்க்கலாம். கிளம்பும், நிற்கும் ஓரிரு விநாடிகளில் மட்டுமே அது நகரும். கையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், இல்லையென்றால் கையின் நடுக்கத்தைத்தான் அளப்பீர்கள்.

கேள்வி: பயிற்சித் தாள் ஒன்றில் 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வருகிறது; கையைப் பின்னிழுத்துப் பிடித்தால் 0.1 விநாடியில் நிற்கிறது, விசை 40 நியூட்டன் என்று இருக்கிறது. சரிதானா?

பதில்: பெருக்கல் சரி, பந்து சரியில்லை. 25 மீ/வி வேகத்தில் வரும் பந்து சீராக வேகம் குறைந்து 0.1 விநாடியில் நிற்க 1.25 மீட்டர் ஓட வேண்டும். யார் கையும் அவ்வளவு பின்னே போகாது. இங்கே ஆற்றல் வழியே போவது எளிது. பந்தின் இயக்க ஆற்றல் 50 ஜூல். கை 30 செ.மீ. பின்வாங்கினால் சராசரி விசை 50 / 0.3 = 167 நியூட்டன். கையை விறைப்பாக வைத்து 2 செ.மீ.-இல் நிறுத்தினால் 2,500 நியூட்டன். வலிக்காமல் என்ன செய்யும்?

கேள்வி: வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் இருமடங்குதானே?

பதில்: இல்லை. பிரேக் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது, ஆகவே நாலு மடங்கு. உராய்வுக் குணகம் 0.7 உள்ள உலர்ந்த சாலையில் மணிக்கு 40 கி.மீ.-க்கு 9 மீட்டர், 80-க்கு 36 மீட்டர். ஓட்டுபவர் கண்டு, காலை அழுத்துவதற்குள் ஒரு விநாடி போய்விடுகிறது. அதில் முறையே 11, 22 மீட்டர். மொத்தம் 20-உம் 58-உம். மழையில் குணகம் 0.4 ஆனால் 80 கி.மீ. வேகத்தில் பிரேக் தூரம் மட்டும் 63 மீட்டர், மொத்தம் 85.

சூத்திரத்தில் நிறை கழிந்துவிடுகிறது. காலி வண்டிக்கும் நிறைந்த வண்டிக்கும் ஒரே தூரம் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சக்கரம் முழுப் பிடியில் இருந்து, பிரேக்கும் அந்த ஆற்றலைத் தாங்கினால்தான் அது உண்மை. 1,200 கிலோ கார் 80 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் பிரேக்கில் இறங்கும் வெப்பம் 2,96,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 70 டிகிரி சூடேற்றப் போதும். பாரம் ஏற்றிய லாரியில் இது பல மடங்கு. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடி தளர்வது அதனால்தான். கீழ் கியரில் இறங்கினால் அந்த ஆற்றலில் ஒரு பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: ஒரு நகரும் கப்பி, ஒரு நிலைத்த கப்பி வைத்து 20 கிலோ சுமையைத் தூக்கினேன். பாதி விசை, அதாவது 98 நியூட்டன் வர வேண்டும். சுருள்வில் தராசு 118 காட்டுகிறது.

பதில்: நகரும் கப்பியையும் சேர்த்துத்தானே தூக்குகிறீர்கள்? அது 1.5 கிலோ இருந்தால் மொத்த எடை 210.7 நியூட்டன், பாதி 105. மிச்சம் 13 நியூட்டன் பெரும்பாலும் அச்சின் உராய்வும் கயிறு வளைவதில் போவதும். நகரும் கப்பியின் இருபுறக் கயிறுகளும் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் செங்குத்திலிருந்து 30 டிகிரி விலகினால் உராய்வே இல்லாவிட்டாலும் 122 ஆகிவிடும். தராசைத் தலைகீழாகப் பிடித்து இழுப்பதானால், அதே நிலையில் சுழியைச் சரிசெய்துகொள்ளுங்கள். அளவை எடுக்கும்போது சீராக இழுங்கள், வெட்டி இழுக்க வேண்டாம்.

ஆற்றலில் லாபம் எதுவும் இல்லை. சுமை 1 மீட்டர் உயர, கயிறு 2 மீட்டர் வர வேண்டும். கொடுத்தது 236 ஜூல், பயன்பட்டது 196. பயனுறு திறன் 83 விழுக்காடு. பள்ளிக் கப்பிக்கு இது நல்ல எண்.

கேள்வி: அரைக் குதிரைத்திறன் மோட்டார், 550 வாட் எடுக்கிறது. 12 மீட்டர் உயரத் தொட்டியில் 1,000 லிட்டர் ஏற்ற 25 நிமிடம். கணக்குப்படி 0.033 யூனிட்தான் ஆக வேண்டும், மீட்டரில் 0.23 ஓடுகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டர் சரி. ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். 550 வாட்டை 1,500 விநாடியால் பெருக்கினால் 8,25,000 ஜூல், அதாவது 0.23 யூனிட். தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது 1000 × 9.8 × 12 = 1,17,600 ஜூல், 14 விழுக்காடு. முதலில் ஒன்று: 12 மீட்டரை எங்கிருந்து அளந்தீர்கள்? மோட்டாரிலிருந்து என்றால் தவறு; கீழே உள்ள நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். நீர்மட்டம் மோட்டாருக்கு 6 மீட்டர் கீழே இருந்தால் உயரம் 18, பயன்பட்டது 1,76,400 ஜூல், 21 விழுக்காடு.

மிச்சம் எங்கே? அரைக் குதிரைத்திறன் என்பது அச்சில் கிடைக்கும் 373 வாட். முழுச் சுமையில் ஓடுவதாகக் கொண்டால் 177 வாட் மோட்டாருக்குள்ளேயே வெப்பமாகிறது. அடுத்தது பம்பின் விசிறி தண்ணீரைக் கலக்குவதில், பிறகு குழாயில். குழாய் ஒல்லியாக இருந்தால் நிலைமை மோசம்: அதே அளவு நீர் ஓட, உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் போகும். 25 மி.மீ. குழாயை 20 ஆக்கினால் இழப்பு மூன்று மடங்கு. தேவையில்லாத முழங்கை வளைவுகளையும், அடி வால்வில் அடைந்த குப்பையையும் கவனியுங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷினில் துணியைப் பிழிவது மையவிலக்கு விசைதானே?

பதில்: வெளியே நின்று பார்ப்பவருக்கு அப்படி ஒரு விசை இல்லை. டிரம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றுகிறது, ஆரம் 25 செ.மீ. என்றால் மையநோக்கு முடுக்கம் ஏறத்தாழ 2,740 மீ/வி², புவியீர்ப்பைப் போல 280 மடங்கு. துணிக்கு அந்த விசையை டிரம்மின் சுவர் உள்நோக்கித் தருகிறது. துளை இருக்கும் இடத்தில் தண்ணீருக்கு அதைத் தர சுவர் இல்லை; துணியின் இழைகளால் அவ்வளவு பிடிக்க முடியாது. ஆகவே தண்ணீர் தொடுகோட்டுத் திசையில் நேராகப் போய்விடுகிறது. டிரம்மோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே கணக்குப் போட விரும்புபவர் மையவிலக்கு விசையைச் சேர்த்துக்கொள்ளலாம், விடை ஒன்றுதான். வெளியே நின்று பார்க்கும் படத்தில் சுவர் தரும் விசையையும் மையவிலக்கு விசையையும் சேர்த்து வரைந்து ‘சமநிலை’ என்று மட்டும் எழுதாதீர்கள்.